விண்ணப்பமும் முறையீடும்: இங்கிலாந்தின் வறியோர் சட்ட வரலாற்றில் மறுக்கப்பட்டோர்

இங்கிலாந்திலே ஏழைகளுக்கு உதவும் பொறுப்பு உள்ளூர் நிருவாகத்தின்மீது சட்டபூர்வமாகச் சுமத்தப்பட்டு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. அவ்வுதவி எவ்வளவு, எவ்வகையினருக்குக் கிடைத்தது, அதனால் கூலியும் விலைவாசியும் எவ்வாறு பாதிக்கப்பட்டன என்பன பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா அவற்றினுள் அடங்கிய ஒரு சிறு வினாவே. உதவி கேட்டுச் சென்று, 'இல்லை' என்ற விடையைப் பெற்றுத் திரும்பிய மனிதன் அதன்பின் எங்கே சென்றான்? அவனுடைய சொல்லை இரண்டாம் முறை கேட்பதற்கு எவரேனும் இருந்தனரா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடையைத் தொடர்ந்து நோக்கினால், அவ்வக்காலத்தில் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

நமது மொழியிலே இதற்குப் பொருத்தமான இரு சொற்கள் உள்ளன. விண்ணப்பம் என்பது பெரியோர் முன்னிலையிற் பணிந்து கூறுவது. ஆண்டவனுக்கும் அரசனுக்கும் செய்யப்பட்டது. முறையீடு என்ற சொல்லிலோ 'முறை' இருக்கிறது. முறை என்றால் நீதி. கண்ணகி பாண்டியனது அவையிலே செய்தது விண்ணப்பமன்று. தீர விசாரியாது அளிக்கப்பட்ட தீர்ப்பொன்றை, சிலம்பைச் சான்றாக வைத்து, தீர்ப்பளித்தவன் முன்னிலையிலேயே அவள் எதிர்த்தாள். பாண்டியனைப் போலத் தன் தவற்றை உணர்ந்த கணத்திலே உயிர்விடும் அதிகாரிகள் உலகில் அதிகம் பேர் இல்லையாதலால், மறுக்கப்பட்டவனுக்கும் மறுத்தவனுக்கும் இடையே மூன்றாம் ஆள் ஒருவன் வேண்டியிருந்தான். அந்த மூன்றாம் ஆள் தோன்றியும் மறைந்தும் மீண்டும் தோன்றியும் வந்த கதையே வறியோர் சட்டத்தின் கதையில் நம் கவனத்துக்குரிய பகுதியாகும்.

1601ஆம் ஆண்டில், எலிசபெத் அரசியின் ஆட்சி முடியுந் தறுவாயில், வறியோர் சட்டம் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் வசதி படைத்த குடும்பத் தலைவர் இருவர் முதல் நால்வர் வரை ஆண்டுதோறும் வறியோர் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டனர். அவர்கள் அயலாரிடம் வரி திரட்டினர்; முதியோருக்கும் நோயாளருக்கும் அநாதைகளுக்கும் அதிலிருந்து உதவினர்; உடல்வலி உள்ளோரை வேலையில் அமர்த்த வேண்டியவர்களும் அவர்களே. இவர்கள் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் அல்லர். கமக்காரரும் கடைக்காரருமாகிய இவர்களே அவ்வரியைச் செலுத்தியோரும் ஆவர். கொடுக்கும் பணம் தன் மடியிலிருந்தே போகின்றதென்று அறிந்த ஒருவன், கேட்பவனின் பசியை எந்தக் கோலால் அளந்திருப்பான் என்பதை ஊகிப்பது கடினமன்று. உதவி பெறுவோர் தம் மேலாடையில் கோயிற்பற்றின் முதலெழுத்தையும் வறியோரைக் குறிக்கும் 'பி' என்னும் எழுத்தையும் தைத்து அணியவேண்டுமென 1697இல் ஒரு சட்டம் விதித்தது. அவ்விதி 1810 வரை ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை.

எனினும், இதே காலத்தில் ஒரு வழியும் திறந்தது. மேற்பார்வையாளர் மறுத்தால், ஏழை சமாதான நீதவானிடம் சென்று முறையிடலாம் என்ற வழக்கம் வேரூன்றிற்று. 1723ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த எழுந்ததாயினும், கட்டுப்படுத்தும் முயற்சியிலேயே அதற்கு ஒரு திட்டமான வடிவத்தைக் கொடுத்துவிட்டது. ஏழை முதலிற் கோயிற்பற்றுக் கூட்டத்திடமோ மேற்பார்வையாளர் இருவரிடமோ கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும். தனக்கு நியாயமான காரணம் உண்டென்று அவன் நீதவான் முன் சத்தியம் செய்ய வேண்டும். நீதவான் மேற்பார்வையாளரை அழைத்து, ஏன் உதவி வழங்கப்படலாகாது என்பதற்குக் காரணங் காட்டுமாறு கேட்ட பின்னரே கட்டளை பிறப்பிக்கலாம். இன்றைய மேன்முறையீட்டு நடைமுறையின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே இருப்பதைக் காண்கிறோம். மறுத்தவரே வந்து காரணங் காட்டவேண்டும் என்பது ஏழையின் கைக்குக் கிடைத்த அரிய ஆயுதமாகும்.

அவ்வாயுதத்தை ஏழைகள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்குச் சான்றுகள் பல எஞ்சியுள்ளன. சொந்தக் கோயிற்பற்றைவிட்டு வேலை தேடி வேறூர் சென்றவர்கள், உதவிக்குத் தம் ஊர் மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. எசெக்ஸ் மாவட்டத்திற் கிடைத்த இத்தகைய கடிதங்களை தோமஸ் சொக்கல் என்ற ஆய்வாளர் 2001இல் தொகுத்து வெளியிட்டார். 1731 முதல் 1837 வரையிலான 758 கடிதங்கள் அத்தொகுப்பில் உள்ளன. எழுதியோரில் மிகப் பலர் பள்ளி வாசனை அதிகம் அறியாதவர்கள். காதிற் பட்டவாறே எழுத்துக்கூட்டி எழுதினர். இலக்கிய வரலாற்றில் இடம்பெறாத இவ்வுரைநடையை இலக்கிய மாணவர் ஒருமுறையேனும் நோக்குதல் நன்று. வாடகை நிலுவையும் குழந்தையின் காலணியும் மனைவியின் பிரசவமும் அவற்றின் பொருள். பணிவான சொற்களோடு தொடங்கும் கடிதத்தின் நடுவிலே, நுட்பமான கணக்கொன்று எட்டிப்பார்க்கும்: வாரந்தோறும் சிறிது பணம் அனுப்பாவிடின், குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிடுவேன், அப்பொழுது உங்களுக்கு ஏற்படுஞ் செலவு இதனிலும் பன்மடங்காகும். குடியுரிமைச் சட்டத்தின்படி அவனைப் பராமரிக்கும் கடமை அந்தக் கோயிற்பற்றுக்கே உரியது. அதை அவன் அறிவான், அவர்களும் அறிவர். சட்டத்தின் சந்துபொந்துகளைச் சட்டத்தரணிகள் மட்டுமே அறிவர் என்று எண்ணுவோர் இக்கடிதங்களைப் படிக்கவேண்டும்.

நீதவான்களை ஏழைகளின் தோழர்களாகச் சித்திரிப்பது பெருந்தவறாகும். அவர்கள் நிலப்பிரபுக்களும் மதகுருமாருமே. 1795ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி பேர்க்ஷயர் நீதவான்கள் ஸ்பீனம்லாண்ட் என்ற இடத்தில் விடுதியொன்றிற் கூடி, ரொட்டியின் விலைக்கேற்ப உதவியளவை நிர்ணயித்தனர். எட்டு இறாத்தலும் பதினொரு அவுன்சும் நிறையுள்ள ரொட்டி ஒரு சிலிங் விற்கும்போது, உழைப்பாளி ஒருவனுக்கு வாரத்துக்கு மூன்று சிலிங்கும், மனைவிக்கும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலிங் ஆறு பென்சும் தேவை என்பது கணக்கு. கூலி அதற்குக் குறைந்தால் வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்படும். அவ்வாண்டிலே உணவுக் கலகங்கள் நாடெங்கும் வெடித்திருந்தன; கடலுக்கு அப்பால் பிரான்சில் மன்னனின் தலை உருண்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. நீதவான்களின் இரக்கத்துக்கு அச்சமே செவிலித்தாயாக இருந்தது எனலாம். பண்ணை முதலாளிகள் கூலியை உயர்த்தாது தப்புவதற்கும் இது வசதியாயிற்று. இவ்வளவு குறைகளோடும் அன்றைய ஏழைக்கு மேற்பார்வையாளனுக்கு மேலே ஒருவன் இருந்தான் என்பது உண்மை. சிறு கமக்காரனின் கஞ்சத்தனமும் பெரிய பிரபுவின் அகந்தையும் மோதிய இடைவெளியில் ஏழை சற்று மூச்சு விட்டான்.

தொழில் முதலாளித்துவம் அந்த இடைவெளியை அடைத்தது. நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முன்னின்று எழுதிய ஆணைக்குழு அறிக்கை, மறுக்கப்பட்ட ஏழைகளின் முறைப்பாட்டை நீதவான்கள் கேட்டுக் கட்டளையிடுவதைப் பெருங்குற்றமாக எடுத்துக்கூறிற்று. 1834ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கோயிற்பற்றுக்களை இணைத்து ஒன்றியங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரியிறுப்போர் தெரிவுசெய்யும் பாதுகாவலர் சபையை ஏற்படுத்தியது. உதவி வேண்டுவோன் நிவாரண உத்தியோகத்தனிடம் முதலிற் கூறி, பின்னர் சபையின் முன் நேரில் நின்று விடை பெறுவான். அவ்விடை பெரும்பாலும் வேலைவீட்டுக்குள் வரச்சொல்லும் அழைப்பாக இருக்கவேண்டும் என்பதே சட்டத்தை வகுத்தோரின் நோக்கம். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறாகப் பிரிக்கப்படுவர். வெளியே மிகக் கீழான கூலி பெறுவோனின் வாழ்வைவிட உள்ளே வாழ்வு தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர்களுடைய தத்துவம்.

இச்சட்டத்தின் கொடுமைகளைப் பற்றி எழுதுவோர் வேலைவீட்டின் கஞ்சியைப் பற்றி எழுதுவர். முறையீட்டு வழி அடைக்கப்பட்டதை எழுதுவோர் குறைவு. நீதவானின் அதிகாரம் முதியோர், திடீர் நோயுற்றோர் போன்ற சில விதிவிலக்குகளோடு பறிக்கப்பட்டது. இலண்டனில் அமைந்த மத்திய ஆணையாளர் மூவருக்கும் விதிகள் வகுக்கும் அதிகாரம் ஏராளம். ஆயினும் தனியொருவனுக்கு உதவி வழங்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தைச் சட்டமே அவர்களுக்கு மறுத்தது. இதை அறிந்தோ அறியாமலோ ஏழைகள் இலண்டனுக்கு எழுதிக்கொண்டேயிருந்தனர். அவ்வாறு எழுதப்பட்ட கடிதங்கள் இன்றும் பிரித்தானியத் தேசியச் சுவடிக்கூடத்திற் பெருந்தொகையாக உள்ளன. அக்கடிதங்கள் பெற்ற கதி அரசாங்கக் கந்தோர்களை அறிந்த நமக்குப் புதிதன்று. கடிதம் எந்தச் சபைக்கு எதிராக எழுதப்பட்டதோ அந்தச் சபைக்கே விளக்கம் கேட்டு அனுப்பப்படும். தனிப்பட்ட விடயங்களில் தலையிட அதிகாரமில்லை என்ற பதில் எழுதியவனுக்குப் போய்ச்சேரும். அண்டோவர் வேலைவீட்டில், உரத்துக்காக இடிக்கக் கொடுக்கப்பட்ட எலும்புகளிலிருந்து பசி தாங்காத மனிதர் ஊனைச் சுரண்டித் தின்ற செய்தி 1845இல் நாட்டை உலுக்கிற்று. அதன் விளைவாக 1847இல் ஆணையாளர் பதவிகள் ஒழிந்து வேறொரு சபை வந்தது. மறுக்கப்பட்டவனின் நிலை மாறவில்லை. வறியோர் நிவாரணம் பெற்றவன் வாக்குரிமையையும் இழந்தான். அந்தத் தடை 1918 வரை நீடித்தது.

மேலே முறையிட வழியில்லாதபோது வேறொரு வழி எஞ்சியிருந்தது. தீர்மானிக்கும் நாற்காலியில் தாமே போய் அமர்வது. பாதுகாவலராவதற்கு வேண்டியிருந்த சொத்துத் தகுதி 1894இல் நீங்கியது. கிழக்கு இலண்டனில், கப்பற்றுறைத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பொப்லர் பகுதியில், ஜோர்ஜ் லான்ஸ்பரியும் வில் குரூக்ஸும் பாதுகாவலர் சபையுள் நுழைந்து வேலைவீட்டின் உணவையும் உடையையும் மாற்றினர். 1919இல் பொப்லர் நகரசபையின் 42 ஆசனங்களில் 39 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. வேலையின்மை பெருகிய 1921இல் அவர்களை ஓர் அநீதி எதிர்கொண்டது. ஏழைப் பகுதி தன் ஏழைகளைத் தானே தாங்கவேண்டும். பணக்கார வெஸ்ட்மின்ஸ்டர் தன்னிடம் இல்லாத ஏழைகளுக்காக அதிகம் செலுத்த வேண்டியதில்லை. இலண்டன் மாவட்ட சபை முதலிய மேலமைப்புக்களுக்குச் சேரவேண்டிய வரியைத் திரட்ட மறுத்து, அப்பணத்தை வேலையற்றோருக்கே செலவிட்டனர் பொப்லர் உறுப்பினர். யூலை 29இல் ஊர்வலமாகவே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். செப்டெம்பரில் அவர்களுள் முப்பதின்மர் சிறையிடப்பட்டனர்; ஐவர் பெண்கள். பிறிக்ஸ்ரன் சிறைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடைபெற்றது. ஹொலோவே சிறையிலிருந்து பெண் உறுப்பினரை அதற்காக அழைத்துவந்தனர். ஆறு வாரங்களில் அரசாங்கம் பணிந்து அவர்களை விடுவித்தது. வெளிநிவாரணச் செலவை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

அந்த ஐவருள் ஒருவர் மின்னி லான்ஸ்பரி. ஜோர்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். ஆசிரியையாகத் தொழில் செய்தவர். போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் ஊனமுற்ற வீரருக்கும் உரிய ஓய்வூதியத்தை அதிகாரிகள் மறுத்தபோதெல்லாம், உள்ளூர் ஓய்வூதியக் குழுவில் இருந்து ஒவ்வொரு விடயமாக எடுத்துப் போராடியவர். சிறையிலிருந்து மீண்டபின் நோயுற்று, 1922 ஜனவரி முதலாந் திகதி தமது 32ஆவது வயதில் இறந்தார். மேடையிலே முழங்கியோரின் பெயர்களை வரலாறு எளிதில் நினைவுகூரும். ஒரு விதவையின் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கந்தோர் வாசலில் நிற்பதும் வர்க்கப் போராட்டத்தின் பகுதியே என்பதை நம்மவர் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆளும் வர்க்கம் பொப்லர் புகட்டிய பாடத்தை மறக்கவில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தினால், 'தாராளமாக'க் கொடுத்த பாதுகாவலர் சபைகளை நீக்கித் தன் ஆட்களை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சர் நெவில் சேம்பர்லேன் பெற்றார். வெஸ்ட் ஹாம், செஸ்டர்-லி-ஸ்திரீட், பெட்வெல்ட்டி ஆகியவை அவ்வாறு நீக்கப்பட்டன. 1930 ஏப்ரலில் பாதுகாவலர் சபைகளே மறைந்து, மாவட்ட சபைகளினதும் பெருநகர சபைகளினதும் பொது உதவிக் குழுக்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. 1931 இறுதியில் வந்த வருமானச் சோதனை இக்குழுக்களின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் உத்தியோகத்தன் மகனின் கூலியையும் பாட்டியின் ஓய்வூதியத்தையும் கூட்டிப்பார்த்து, தந்தையின் உதவித்தொகையைக் குறைப்பான். வோல்டர் கிறீன்வூட் 1933இல் வெளியிட்ட 'லவ் ஒன் த டோல்' நாவலில் இச்சோதனை ஒரு குடும்பத்தின் அடுக்களைவரை நுழைவதைக் காணலாம். இச்சோதனையைக் கடுமையாகச் செயற்படுத்த மறுத்த ரொதரம், டேர்ஹாம் சபைகளின் பொறுப்பு 1932இல் அரசாங்க ஆணையாளரிடம் மாற்றப்பட்டது.

1934ஆம் ஆண்டு வேலையின்மைச் சட்டம் உதவியை உள்ளூராட்சியிடமிருந்து எடுத்து ஒரு தேசிய சபையிடம் கொடுத்தது. புதிய அளவுத்திட்டம் பல இடங்களில் முன்பைவிடக் குறைவாக இருந்ததால், 1935 தொடக்கத்தில் தென் வேல்ஸ் பொங்கியெழுந்தது. பெப்ரவரி 4இல் மேர்த்தர் டிட்வில் நகரத்துப் பெண்கள் உதவிச் சபையின் கந்தோரைத் தாக்கினர். மறுநாளே அரசாங்கம் குறைப்புக்களை நிறுத்துவதாக அறிவித்தது. இதே சட்டத்தில், ஒரு நூற்றாண்டாகக் காணாமற் போயிருந்த மூன்றாம் ஆளும் திரும்பிவந்தான். அமைச்சர் நியமித்த தலைவர், சபையின் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர் என மூவர் கொண்ட மேன்முறையீட்டு நியாய சபைகள் அமைக்கப்பட்டன. அவை நடுநிலை தவறாதவை என்று கூறமுடியாது. ஆயினும், கதவு ஒன்று திறந்தது. தேசிய வேலையற்றோர் இயக்கத்தின் பட்டினிப் பேரணிகளை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். அவ்வியக்கத்தினர் நாள்தோறும் செய்த வேலை, மறுக்கப்பட்டவர்களுக்கு முறையீடு எழுதிக்கொடுப்பதும் அவர்கள் சார்பில் வாதாடுவதுமாகும். 1948இல் தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை ஒழித்தபோதும் இத்தகைய நியாய சபைகள் தொடர்ந்தன.

இங்கிலாந்து வறியோர் சட்டத்தைக் கைவிட ஒன்பது ஆண்டுகளே இருந்த நிலையில், 1939இல், இலங்கையின் அரசாங்க சபை வறியோர் சட்டம் ஒன்றை இயற்றிற்று என்பது குடியேற்ற நாட்டு வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று. கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகள் அதன்படி ஏழைகளுக்கு உதவும் பொறுப்பை ஏற்றன. ஏனைய இடங்களில் அரசாங்கம் வழங்கிய மாதாந்தப் பொது உதவியை நம் மக்கள் 'பிச்சைச் சம்பளம்' என்று அழைத்தனர். உரிமையும் இழிவும் ஒரே தொடரிற் பிணைந்து கிடக்கும் விந்தையை இச்சொல்லிற் காணலாம்: சம்பளமென்றால் கேட்டுப் பெறவேண்டியது, பிச்சையென்றால் மறுத்தால் போய்விட வேண்டியது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் வெளியானபோது, இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் கட்டுரைப் பாடத்தில் விண்ணப்பம் எழுதப் பழக்குகிறோம். மறுப்புக்கு எதிராக முறையீடு எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் பாடம் எதையும் நான் கண்டதில்லை.

பிரித்தானியாவில் இக்கதை 1948உடன் முடிந்துவிடவில்லை. 1982-83இல் வீட்டு வாடகை உதவியை வழங்கும் பொறுப்பு மீண்டும் உள்ளூராட்சி மன்றங்களிடம் வந்தது. மன்றம் மறுத்தால் மீளாய்வு செய்யும் சபையில் இருந்தோர் அதே மன்றத்தின் உறுப்பினர்கள். இலண்டனில் அகதித் தஞ்சம் கோரிய பெண்ணொருவர், காலந் தாழ்த்தி விண்ணப்பித்தமைக்குத் தகுந்த காரணம் உண்டெனக் கூறியதை அத்தகைய சபையொன்று நம்ப மறுத்தது. பணம் கொடுக்கவேண்டிய மன்றத்தின் உறுப்பினரே நீதிபதிகளாய் இருந்தமை நேரிய விசாரணைக்கான உரிமையை மீறியதென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே, 2001இல், அச்சபைகளின் இடத்தில் சுதந்திரமான நியாய சபைகள் அமைக்கப்பட்டுவிட்டன. கமக்கார மேற்பார்வையாளனைப் பற்றிய பழைய ஐயம் சட்ட மொழியில் உறுதிபெற இத்தனை காலம் சென்றது.

2013 ஏப்ரலில், சிக்கனக் கொள்கையின் பெயரால், சக்கரம் மறுபடி திரும்பிற்று. நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த உள்ளூர் வரிச் சலுகை ஒழிக்கப்பட்டு, ஒவ்வொரு மன்றமும் தன் திட்டத்தைத் தானே வகுக்குமாறு விடப்பட்டது. அதற்கான நிதியிற் பத்து வீதம் வெட்டப்பட்டது. இதில் முறையீட்டு வழி தப்பிப் பிழைத்தது. மறுக்கப்பட்டவர் முதலில் மன்றத்துக்கே எழுதவேண்டும். இரண்டு மாதத்துள் விடை வராவிடினும் வந்த விடை திருப்தியளிக்காவிடினும் மதிப்பீட்டு நியாய சபைக்குச் செல்லலாம். வாடகைப் பற்றாக்குறைக்கு மன்றங்கள் தம் விருப்பத் தற்றுணிபின்படி வழங்கிய உதவிக்கோ அவ்வழி இருக்கவில்லை. மீளாய்வு கேட்டால் மன்றமே மீளாய்வு செய்யும். அதற்கப்பால் நீதிமன்றந்தான், அதுவும் சட்டத் தவறு இருந்தால் மட்டும். அதே மாதத்தில், அவசர நெருக்கடிகளுக்கு உதவிய சமூக நிதியின் கடன்களும் கொடைகளும் நிறுத்தப்பட்டன. அவற்றின் மறுப்புக்களைச் சுதந்திரமாக ஆராய்ந்துவந்த பரிசோதகர் பதவிகளும் கூடவே மறைந்தன. இங்கிலாந்தின் மன்றங்களுக்குச் சிறிது பணம் கொடுக்கப்பட்டது. கட்டாயக் கடமை எதுவும் விதிக்கப்படவில்லை.

ஸ்கொட்லாந்து வேறு வழியிற் சென்றது. அங்கும் நெருக்கடிக் கொடையை வழங்குவோர் உள்ளூராட்சி மன்றத்தினரே. ஆயினும், மன்றம் மீளாய்வு செய்தபின்னும் மறுத்தால், 2016 ஏப்ரல் முதல் பொதுச் சேவைகள் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். மன்றத்தின் முடிவை மாற்றித் தம் முடிவை அவ்விடத்தில் வைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. எல்லைக்கு வடக்கே உள்ள கிரெட்னா என்ற சிற்றூரில் மறுக்கப்பட்ட தாய் ஒருத்தி, தொலைபேசியிலேயே அவரிடம் முறையிடலாம். அங்கிருந்து பத்து மைல் தெற்கே, இங்கிலாந்தின் கார்லைல் நகரில் அவ்வாறே மறுக்கப்பட்டவள் மன்றத்துக்கே மறுபடியும் எழுதவேண்டும். இங்கிலாந்தின் குறைகேள் அதிகாரி நடைமுறையில் தவறு நிகழ்ந்ததா என்று பார்ப்பார். அவளுக்கு அந்தப் பணம் கிடைக்கவேண்டுமா என்ற கேள்வியை மன்றத்துக்கு வெளியே கேட்பதற்கு அங்கு ஆளில்லை.